வளைவில் வைத்த கல்

பட்டாபிராமில் ரயில் ஏறினால் அடுத்து நெமிலிச்சேரி, அதற்கடுத்து திருநின்றவூர். பூசலார் நாயனாரின் ஊர் அது. கையில் பொருளில்லாத அந்தணர் சிவனுக்கு மனத்துக்குள்ளேயே ஒரு கோயில் எழுப்புகிறார். காஞ்சியில் கற்றளி எடுத்து முடித்த காடவர்கோன் அதற்குக் குறித்த அதே நாள்தான் பூசலாரின் கோயிலுக்கும் குடமுழுக்கு நாளாக அமைகிறது. இறைவன் அரசனின் கனவில் தோன்றி, நாளை நான் நின்றவூர்ப் பூசல் கோயிலுக்குப் போகிறேன், உன் விழாவைப் பின்னால் வைத்துக்கொள் என்கிறார். இந்தக் கதையைப் பக்தியின் பெருமையாகவே நாம் கேட்டு வந்திருக்கிறோம். கட்டடக் கலையின் வரலாற்றைத் தேடுபவருக்கும் அதில் ஒரு செய்தி உண்டு. இந்தக் கதையைப் பாடிய சேக்கிழார், பூசலார் கோயிலைக் கட்டினார் என்று ஒரே சொல்லில் கடந்துவிடவில்லை; வேலை நடக்கும் முறையிலேயே சொல்லிக்கொண்டு போகிறார்.

முதலில் பொருள்களையும் தச்சர்களையும் மனத்தில் திரட்டுகிறார் பூசலார். நல்ல நாள் பார்த்து ஆகம முறைப்படி அடிநிலை இடுகிறார். இரவிலும் உறங்காமல் வேலை தொடர்கிறது. உபானம் என்னும் அடிப்படை வரிசையில் தொடங்கிப் படை படையாகக் கட்டடம் எழுகிறது. சிகரத்தின் உயரம் முழக்கணக்கில் அளந்து முடிக்கப்படுகிறது. உச்சியில் தூபி நடுகிறார், சுண்ணச் சுதை பூசுகிறார். அதன் பிறகுதான் கிணறு, சுற்றுமதில், குளம். இந்த வரிசையை மாற்றிப் போட முடியாது. மதிலை முதலில் எழுப்பிவிட்டால் பெரிய கற்களை உள்ளே கொண்டுவர வழி குறுகிவிடும். கல்லை மேலே ஏற்ற இடும் மண்சரிவுக்கும் இடம் இருக்காது. தூபி நட்ட பிறகே சுதை பூசவேண்டும், ஏனென்றால் சாரத்தை மேலிருந்து கீழாகப் பிரித்துக்கொண்டே வரும்போதுதான் பூச்சு வேலை நடக்கும். வேலைத்தளத்தைப் பார்த்திருக்காத கவிஞர் இப்படி எழுதியிருக்க முடியாது என்றே எனக்குத் தோன்றுகிறது.

சேக்கிழார் பிறந்த குன்றத்தூர், பட்டாபிராமிலிருந்து நேர்க்கோட்டில் பதினைந்து கிலோமீட்டருக்குள்தான் இருக்கிறது. 12ஆம் நூற்றாண்டில் இரண்டாம் குலோத்துங்க சோழனின் அமைச்சராக இருந்தவர் அவர். குன்றத்தூரிலுள்ள நாகேச்சரக் கோயிலை எழுப்பியவரும் அவரே என்று மரபு சொல்கிறது. பூசலாரின் காலம் பல்லவர் காலம். காடவர்கோன் என்பவர் காஞ்சிக் கைலாசநாதர் கோயிலைக் கட்டிய இராஜசிம்மன் என்பது அறிஞர் பலரின் கருத்து. கைலாசநாதர் விமானத்தைச் சுற்றி ஓடும் வடமொழிக் கல்வெட்டில் அரசன் உருவமற்ற ஒரு குரலைக் கேட்டதாக வரும் குறிப்பையும் இந்தக் கதையோடு இணைத்துப் பார்ப்பதுண்டு. ஆனால் சேக்கிழார் வருணிக்கும் வேலைமுறை அவர் கண்ட சோழர் காலத்து வேலைமுறை என்று கொள்வதே சரி. நானூறு ஆண்டுகளில் அடிப்படை மாறவில்லை என்பதும் உண்மை.

கைலாசநாதர் கோயிலையே எடுத்துக்கொள்வோம். 8ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த அந்தக் கோயிலில் சுவரும் மேற்தளங்களும் மணற்கல். சுவரைத் தாங்கும் அடிப்பீடமான அதிட்டானத்தின் அடியிலும் மேல்விளிம்பிலும் மட்டும் கருங்கல் வரிசைகளை வைத்திருக்கிறார்கள். மணற்கல் உளிக்கு இளகிக் கொடுக்கும். ஆனால் தண்ணீரை உறிஞ்சும். தரையிலிருந்து ஏறும் ஈரம் முதலில் தொடுவதும் மேலிருந்து வரும் எடை முழுவதும் கடைசியில் வந்து சேர்வதும் அடி வரிசையில்தான். அந்த இடத்தில் நீர் ஏறாத, நசுங்காத கல்லை வைத்தார்கள். மணற்கல்லை மழையிலிருந்து காக்க மேலே சுதை. இன்றைய பொறியாளர் அடித்தளத்துக்கு மேல் ஈரத்தடுப்புப் படலம் ஒன்று போடுகிறாரே, அதே சிந்தனை. பூசலாரின் மனக்கோயிலில் சுதைக்குத் தனி இடம் கிடைத்ததன் காரணமும் இங்கே விளங்குகிறது. சுதை அலங்காரம் மட்டுமல்ல; கட்டடத்தின் தோலே அதுதான்.

கல்லில் கோயில் செய்வது இராஜசிம்மனுக்கு ஒரு நூற்றாண்டு முன்பே தொடங்கிவிட்டது. செங்கல், மரம், உலோகம், சுண்ணம் எதுவும் இல்லாமல் மும்மூர்த்திகளுக்குக் கோயில் அமைத்ததாக முதலாம் மகேந்திரவர்மன் மண்டகப்பட்டில் பொறித்துவைத்தான். நம் பக்கத்தில் பல்லாவரத்துக் குடைவரையும் அவன் பட்டப்பெயர்களைத் தாங்கி நிற்கிறது. ஆனால் குடைவதும் கட்டுவதும் வேறுவேறு தொழில்கள். குடைவரையில் பாறை தன்னைத் தானே தாங்கிக்கொள்கிறது. வேண்டாததை எடுத்தால் போதும். கற்றளியில் ஒவ்வொரு கல்லும் தனியாக வந்து சேர்கிறது, அது எங்கே அமரும், யாரைத் தாங்கும், யாரால் தாங்கப்படும் என்பதை முன்பே தீர்மானித்தாக வேண்டும். சிற்பத்தைப் பற்றி நாம் எழுதிக் குவித்திருக்கிறோம். கல்லை அடுக்கிய அறிவைப் பற்றி எழுதியது மிகக் குறைவு. அந்தக் குறைதான் இந்தக் கட்டுரையை எழுதவைத்தது.

அடுக்கும் அறிவின் கடினமான சோதனை ஒன்று சென்னையின் மேற்கு, வடக்குப் புறநகர்களிலேயே கண்ணெதிரில் நிற்கிறது. பாடியில் திருவலிதாயம், ஆவடிக்கும் அம்பத்தூருக்கும் இடையில் திருமுல்லைவாயில், பூந்தமல்லி சாலைப் பக்கம் திருவேற்காடு, கடற்கரையோரம் திருவொற்றியூர். இந்தச் சிவன் கோயில்களின் கருவறையைப் பின்புறம் சென்று பார்த்தால் மூலைகள் இருக்காது. சுவர் அரைவட்டமாக வளைந்து திரும்பும். தூங்கானை மாடம், கஜபிருஷ்டம் என்று இரு பெயர்கள். படுத்த யானையின் பின்புறம் போன்ற வடிவம். தொண்டை மண்டலத்தில் இவ்வடிவம் அடர்த்தியாக வருகிறது. சோமங்கலம், மணிமங்கலம், ஓரகடம், திருக்கழுக்குன்றம், வடக்கே திருப்பதிக்குப் பக்கத்துக் குடிமல்லம் என்று பட்டியல் நீளும். மாமல்லபுரத்தில் சகாதேவ ரதமும் இதே வடிவம்தான். பக்கத்தில் ஒற்றைக்கல் யானையையும் செதுக்கி வைத்திருக்கிறார்கள்.

வடிவம் பழையது. மரத்தை வளைத்து, மூங்கிலைக் கட்டி, கூரை வேய்ந்த காலத்தில் பிறந்தது. பௌத்த சைத்தியங்களில் இதைக் காண்கிறோம். ஆந்திரத்தின் செஜர்லாவில் செங்கல்லில் நிற்கிறது. மரமும் மூங்கிலும் வளையும். செங்கல் சிறிது என்பதால் வளைவில் சுலபமாக அடங்கும். இடைவெளியைச் சுண்ணம் நிரப்பிவிடும். கருங்கல்லுக்கு இந்த இரண்டு வசதியும் இல்லை. பெரிய கல், வளையாத கல், சுண்ணமில்லாத இணைப்பு. இதை வைத்துக்கொண்டு வளைவைக் கட்ட முன்வந்தவர்களின் துணிவை அளந்து பார்க்க வேண்டும்.

நேர்ச்சுவர் ஒன்றில் ஒரு வரிசைக்கு வேண்டிய கற்கள் எல்லாம் ஒரே உயரமும் ஒரே நேர்முகமும் கொண்டால் போதும். ஒரு கல் சற்று நீளமானால் அடுத்ததைக் குறைத்துக்கொள்ளலாம். வளைவில் அப்படி இல்லை. வெளிமுகம் அகலமாகவும் உள்முகம் குறுகலாகவும் ஒவ்வொரு கல்லும் ஆப்பு வடிவில் இருக்கவேண்டும்; பக்க முகங்கள் இரண்டும் வளைவின் மையத்தை நோக்க வேண்டும். மேலும் அதிட்டானத்தில் ஜகதி, குமுதம், கண்டம், பட்டிகை என்று ஒவ்வொரு படையும் வெவ்வேறு அளவு வெளியே நீள்கிறது. சுவரின் வெளிமுகத்துக்கு ஆரம் மூன்று மீட்டர் என்று வைத்துக்கொண்டால் அரைவட்டத்தின் நீளம் ஏறக்குறைய 9.4 மீட்டர். ஜகதி அதைவிட 30 சென்டிமீட்டர் வெளியே நின்றால் அதன் நீளம் 10.4 மீட்டர் ஆகிவிடும். ஒரு படைக்கு வெட்டிய கல் இன்னொரு படைக்கு உதவாது. ஒவ்வொன்றுக்கும் தனி அச்சுப் பலகை வேண்டும். ஒரு வரிசையில் பதினைந்து கற்கள் இருந்து, ஒவ்வொன்றும் இரண்டே மில்லிமீட்டர் கூடினால், கடைசிக் கல் வைக்கும்போது மூன்று சென்டிமீட்டர் இடம் குறையும். பெரிய கல்லை அந்த நேரத்தில் திரும்ப இறக்கிப் பொளிவது எவ்வளவு பெரிய வேலை என்று கல் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும்.

இன்னொரு சிக்கல் கபோதத்தில் இருக்கிறது. சுவருக்கு மேலே வெளியே நீண்டு மழைநீரைத் தள்ளிவிடும் கொடுங்கைக் கல் அது. பாதி வெளியே தொங்குகிறது, பாதி சுவர்மேல் அமர்ந்திருக்கிறது. உள்ளே அமர்ந்த வாலின் எடைதான் வெளியே தொங்கும் முகத்தைக் கவிழாமல் பிடித்துக்கொள்கிறது. நேர்ச்சுவரில் 40 சென்டிமீட்டர் வெளியேயும் 60 சென்டிமீட்டர் உள்ளேயும் இருக்கும் சீரான தடிமனுள்ள கல்லைக் கணக்கிட்டுப் பார்த்தேன். கவிழ்க்கும் விசையைப்போல் 2.25 மடங்கு, பிடிக்கும் விசை. அதே கல்லை மூன்று மீட்டர் ஆரமுள்ள வளைவில் வைத்தால் வெளியே தொங்கும் பகுதி அகலமாகிறது, உள்ளே இருக்கும் வால் குறுகுகிறது. பிடிக்கும் விசை 1.79 மடங்காகச் சுருங்கிவிடுகிறது. ஐந்தில் ஒரு பங்கு பாதுகாப்பு வளைவினால் மட்டுமே போய்விடுகிறது. அதை ஈடுசெய்ய வாலை நீட்டவேண்டும், அல்லது வாலின்மேல் அடுத்த படையின் எடையை உடனே ஏற்றவேண்டும், அதுவரை முகத்துக்குக் கீழே முட்டு கொடுத்திருக்க வேண்டும். வேலையின் வரிசை ஏன் உயிர்நாடி என்பது இங்கே புரியும்.

மூலை இல்லாததாலும் ஒரு இழப்பு உண்டு. சதுரக் கருவறையில் இரு சுவர்களின் கற்கள் மூலையில் ஒன்றை ஒன்று பூட்டிக்கொள்ளும். அரைவட்டத்தில் அந்தப் பூட்டு இல்லை. ஆப்பு வடிவக் கற்கள் உட்புறம் சரியாது, பக்கத்துக் கற்கள் தடுத்துவிடும். வெளிப்புறம் தள்ளப்படுவதுதான் ஆபத்து. அதைத் தடுப்பது இரண்டு: ஒரு வரிசையின் இணைப்பு மேல்வரிசைக் கல்லின் நடுவில் விழும்படி அடுக்குவது, ஆங்காங்கே சுவரின் தடிமன் முழுக்கக் குறுக்கே ஓடும் நீளக் கல்லை வைப்பது. சுவர்முகத்தில் அழகாக நிற்கும் அரைத்தூண்கள் எடை தாங்குவதாகத் தோன்றும். தாங்குவது முழுச் சுவர். தூண் அதன் முகத்தில் செதுக்கிய உருவம்.

மேற்கட்டுமானத்துக்கு வரும்போது தச்சர்கள் பெரும்பாலும் கல்லை விட்டுவிட்டுச் செங்கல்லுக்கும் சுதைக்கும் மாறினார்கள். நம் பகுதிக் கோயில்களில் கபோதம் வரை கருங்கல், அதற்குமேல் செங்கல் என்பதே பரவலான முறை. செலவு மட்டும் இதற்குக் காரணமல்ல. முழு வட்டமாகக் கற்களைச் சற்றுச் சற்று உள்ளே நீட்டி அடுக்கினால் ஒவ்வொரு வளையமும் தன்னைத் தானே இறுக்கிக்கொள்ளும். அரைவட்டம் பாதி வளையம். அதன் இரு முனைகளையும் முன்னால் நீளும் நேர்ப்பகுதிதான் பிடிக்கவேண்டும். கருங்கல் ஒரு கனமீட்டர் ஏறக்குறைய 2.7 டன், செங்கல் கட்டு அதில் மூன்றில் இரண்டு பங்கு அளவுதான். தலையின் எடையைக் குறைத்து, முனைகளின் சுமையைக் குறைத்தார்கள்.

திருவொற்றியூரில் ஒரு தச்சர் அந்த எல்லையைத் தாண்டினார். முதலாம் இராஜேந்திரன் காலத்தில், சதுரானன பண்டிதர் முன்னின்று நடத்த, மூன்று தள விமானம் கருங்கல்லில் எழுந்தது என்று அங்குள்ள கல்வெட்டு கூறுகிறது. செய்தவர் பெயரும் அதில் இருக்கிறது: இரவி, வீரசோழத் தச்சன் என்ற பட்டம் பெற்றவர். அரசன் பெயரும் பண்டிதர் பெயரும் நிற்கும் கல்லில் தச்சன் பெயரும் நிற்பது நிறைவைத் தருகிறது. தஞ்சைப் பெரிய கோயிலின் குஞ்சரமல்லனான இராஜராஜப் பெருந்தச்சனும், கோனேரிராஜபுரத்தில் செம்பியன் மாதேவிக்காகக் கற்றளி எடுத்த சாத்தன் குணபத்தனும் கல்வெட்டால் நமக்குக் கிடைத்தவர்கள். அவர்களை நாம் பாடநூலில் சேர்த்திருக்க வேண்டும். மேற்குப் புறநகர்ப் பள்ளிகளில் இரவியின் பெயர் கேட்டதில்லை.

இனி கல்லைப் பற்றி. பட்டாபிராம் நிற்கும் தரை ஆற்று வண்டலும் செம்புறாங்கல்லும் கலந்தது. வீட்டுக்கடைக்கால் தோண்டினால் பாறை தட்டாது. அருகிலுள்ள கடும்பாறைக் குன்றுகள் பரங்கிமலை, பல்லாவரம், திரிசூலம் பக்கம். ஏறக்குறைய இருபது கிலோமீட்டர். அங்குள்ள கரும்பாறைக்கு நிலவியலாளர் தாமஸ் ஹாலண்ட் வைத்த பெயர் சார்னோக்கைட். கல்கத்தாவில் ஜாப் சார்னோக்கின் கல்லறையை மூடியிருக்கும் கல்லும் இதே வகை என்பதால் அந்தப் பெயர். அதே பல்லாவரத்தில்தான் 1863இல் இராபர்ட் புரூஸ் ஃபூட் பழைய கற்காலக் கருவியைக் கண்டெடுத்தார்.

கல் எடுப்பவர் பாறையின் இயல்பான அடுக்கைப் பார்த்து, வரிசையாகக் குழி வெட்டி, ஆப்பு இறக்கி, ஒன்றன்பின் ஒன்றாகச் சீராக அடித்து வருவார். பாறை அந்தக் கோட்டிலேயே விடும். மாமல்லபுரத்துப் பாறைகளில் அந்தக் குழிவரிசைகளை இன்றும் காணலாம். பிளந்த கல்லைத் தட்டிப் பார்ப்பார்கள். மணிபோல் ஒலித்தால் எடுத்துக்கொள்வார்கள், மந்தமாக ஒலித்தால் உள்ளே வெடிப்பு இருக்கும். உத்திரமாகப் போகும் கல்லுக்கு இந்தச் சோதனை உயிர் சம்பந்தப்பட்டது.

ஏனென்றால் கருங்கல்லின் பலமும் பலவீனமும் ஒரே கல்லில் இருக்கின்றன. நசுக்கும் எடையைச் சாதாரண கான்கிரீட்டைவிடப் பல மடங்கு தாங்கும். இழுவையில் அந்தப் பலத்தில் பத்தில் ஒன்றுதான், சில நேரம் அதுவும் இல்லை. இரு தூண்களுக்கு மேல் கிடக்கும் உத்திரம் தன் எடையாலேயே நடுவில் வளையப் பார்க்கும். அப்போது அடிமுகம் இழுபடும். கல் முன்னறிவிப்பின்றி ஒடியும். ஒரு மீட்டர் நீளத்துக்கு விழும் சுமை மாறாமல் இடைவெளி இரட்டித்தால் வளைவு விசை நான்கு மடங்காகும். கோயில் மண்டபங்களில் தூண்கள் இவ்வளவு நெருங்கி நிற்பதற்குக் காரணம் இதுவே. தூண் தலையில் இருபுறமும் கை நீட்டும் போதிகையும் இதற்காகத்தான் பிறந்தது. தூண்களுக்கிடையே மூன்று மீட்டர் இருந்து, போதிகை இருபுறமும் 30 சென்டிமீட்டர் நீண்டால், உத்திரம் கடக்கவேண்டிய தூரம் 2.4 மீட்டராகும். வளைவு விசையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்துவிடும். தரங்கம், வெட்டு, பூமொட்டு என்று போதிகையின் வடிவத்தை வைத்துக் கோயிலின் காலத்தைக் கணிக்கிறோம். அந்த வடிவங்கள் எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது இந்த ஒரு கணக்கு.

2024 நவம்பரில் பட்டாபிராமில் திறக்கப்பட்ட டைடல் பூங்காவின் 21 மாடிக் கட்டடத்துக்கும் இதே சிக்கல் உண்டு; தீர்வு மட்டும் வேறு. கருங்கல் அங்கேயும் இருக்கிறது, ஜல்லியாக உடைந்து சிமெண்டுக்குள். நசுக்கும் எடையைக் கான்கிரீட் ஏற்கிறது, இழுவையை உள்ளே புதைத்த கம்பி ஏற்கிறது. அதனால்தான் தூண்களை விலக்கி நிறுத்த முடிகிறது. இதற்கு ஒரு விலையும் இருக்கிறது: ஈரம் புகுந்து கம்பி துருப்பிடித்தால் கான்கிரீட் வெடிக்கும். கம்பியும் சுண்ணமும் இல்லாமல் எடையாலேயே நிற்கும் கற்சுவரில் துருப்பிடிக்க எதுவும் இல்லை. திருவொற்றியூர் விமானம் ஆயிரம் ஆண்டுகளை நெருங்குகிறது.

இப்படிப்பட்ட கட்டடங்களைப் புதுப்பிக்கும்போது நடப்பது என்னை வருத்துகிறது. பன்னிரண்டு ஆண்டுக்கொரு முறை குடமுழுக்கு என்பது நல்ல மரபு. பழுது பார்க்க நாள் குறித்து வைத்திருக்கிறார்கள். ஆனால் ஒவ்வொரு முறையும் மண்டபத்தின் மேல்தளத்தில் பழைய ஓடுகளையும் சுண்ணாம்புக் காரையையும் பெயர்க்காமல் புது அடுக்கு போடுவது பல இடங்களில் வழக்கமாகிவிட்டது. பத்து சென்டிமீட்டர் தடிமனுள்ள ஓர் அடுக்கு, ஒரு சதுரமீட்டருக்கு ஏறக்குறைய 200 கிலோ. மூன்று முறை போட்டால் 600 கிலோ. அத்தனையும் இழுவைக்கு இளைத்த அந்த உத்திரத்தின்மேல் போய்ச் சேர்கிறது. கற்களின் இணைப்பில் சிமெண்ட் பூசுவதும் தவறு. கல் மூச்சுவிடும் வழி அடைபட்டு, உள்ளே புகுந்த நீர் வெளியேற முடியாமல் தங்கிவிடும். மேலே செங்கல் விமானத்தில் அரசும் ஆலும் வேர்விடும். மணல்வீச்சு கல்வெட்டு எழுத்துகளின் விளிம்பைத் தேய்த்துவிடுகிறது. தரையில் பளபளப்பான ஓடு பதித்து உயர்த்துவது அதிட்டானத்தின் கீழ்ப்படையைப் புதைத்துவிடுகிறது.

சோழர்கள் இதைவிடக் கவனமாக இருந்தார்கள். திருமழபாடியில் பழைய விமானத்தைப் பிரித்துக் கல்லில் மீண்டும் எடுக்க முதலாம் இராஜராஜன் தன் ஆட்சியின் 28ஆம் ஆண்டில் ஆணையிட்டான். பிரிப்பதற்கு முன் சுவரிலிருந்த கல்வெட்டுகள் அனைத்தையும் புத்தகத்தில் படி எடுத்தார்கள். கோயில் முடிந்தபின், அவன் மகன் காலத்தில், புதுச் சுவரில் அவை மறுபடி பொறிக்கப்பட்டன. ஆயிரம் ஆண்டுக்கு முன்பு ஓர் அரசு அலுவலகம் செய்த வேலை இது.

பாடி, திருமுல்லைவாயில், திருவேற்காடு ஆகிய மூன்று கோயில்களின் பின்வளைவையும் அடுத்த திருப்பணிக்கு முன் படை படையாக அளந்து வரைந்துவைக்க வேண்டும். ஒவ்வொரு வரிசையின் ஆரம், உயரம், கற்களின் எண்ணிக்கை, இணைப்புகள் விழும் இடம், கபோதம் வெளியே நீளும் அளவு, இவை போதும். நூலும் அளவு நாடாவும் தூக்குக்குண்டும் இருந்தால் ஆவடி, பூந்தமல்லிப் பக்கத்துப் பொறியியல் கல்லூரி மாணவர்கள் இதைச் செய்துவிடலாம். சென்னை ஐஐடியில் மரபுக் கட்டடங்களின் பாதுகாப்புக்கென்றே ஒரு தேசிய மையம் இயங்குகிறது, கணக்குகளைச் சரிபார்க்க அவர்களை அணுகலாம். பூசலார் தொடங்கியதைப் போல உபானத்திலிருந்தே தொடங்கவேண்டும். தரை உயர்ந்த இடங்களில் முதலில் மறைவது அந்தப் படைதான்.